டர்பனில் வீடு தேடுகிறீர்களா? “வாங்குபவருக்கு இலவசம்” என்ற வலைத்தளத்தால் நான் விட்ட பணம்

என்னைப் போல ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்து, பெர்மனென்ட் ரெசிடென்ஸ் கிடைத்த கையோடு இனி வாடகை கட்டுவதில்லை என்று கிளம்புகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வலைத்தளத்தின் பெயரையும் ஏஜென்ட்டின் பெயரையும் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடந்துகொண்டிருக்கிறது. பெயர் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள், சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வீடு டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், அரீனா பார்க்கில். மூன்று படுக்கையறை, பின்பக்கம் ஒரு பெரிய கறிவேப்பிலை மரம். 2025 ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் போனபோது ‘ஷோ டே’ பலகை இருந்தது, அதாவது அன்று யாரும் உள்ளே வந்து வீட்டைப் பார்க்கலாம். உள்ளே போனேன். வாசலில் நின்ற ஏஜென்ட் ஒரு நோட்டில் என் பெயர், நம்பர், நேரம் மூன்றையும் எழுதிக்கொண்டார். இந்த நோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அன்று ராத்திரி என் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று பார்க்க ஒரு வீட்டு விற்பனை வலைத்தளத்துக்குப் போனேன். கணக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன்னால் போன் நம்பர் கேட்டது. கீழே ஒரு சின்னக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. எடுத்துவிட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குள் மூன்று அழைப்பு. மூன்றாவதாகப் பேசிய அம்மாதான் “உங்கள் ஏரியாவின் சிறந்த ஏஜென்ட்டாக உங்களுக்கு ஒதுக்கப்பட்டவள்” என்றார். வாங்குபவருக்கு ஒரு சென்ட் செலவில்லை, கமிஷன் முழுக்க விற்பவர் தருவது என்றும் சொன்னார். அரீனா பார்க் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அது ஓபன் மேண்டேட், எந்த ஏஜென்ட் வேண்டுமானாலும் விற்கலாம், தானே கூட்டிப் போகிறேன் என்றார். நான் ஏற்கெனவே ஷோ டேயில் பார்த்துவிட்டேனே என்றேன். “அதனால் ஒன்றும் இல்லை” என்று பதில் வந்தது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை இரண்டாவது முறை போனோம். வீட்டுக்காரர் எழுபது வயது ஆயா. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். விரத நாளில் வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டேன் என்று பூசணிக்காய்க் கறியும் ரொட்டியும் வைத்தார். ஏஜென்ட் வெளியே போனில் இருந்த நேரம் பார்த்து, “தம்பி, எனக்குக் கைக்குப் பன்னிரண்டரை வந்தால் போதும், மகள் வீட்டோடு போய்விடுவேன்” என்றார். அதாவது 12 லட்சத்து 50 ஆயிரம் ரேண்ட். போர்டில் போட்டிருந்த விலை 13 லட்சத்து 95 ஆயிரம். இழுத்துப் பிடித்து 13 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. கமிஷனைக் கொஞ்சம் குறைத்தால் ஆயாவும் விலையைக் குறைப்பாரே என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். “ஆறு சதவீதத்துக்குக் கீழே எனக்குக் கட்டுப்படியாகாது” என்று சொல்லி முடித்துவிட்டார். இந்த நாட்டில் கமிஷனுக்குச் சட்டப்படி நிர்ணயம் கிடையாது, பேசித் தீர்த்துக்கொள்வதுதான். பிறகு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அப்போது புரியவில்லை.

புரிய வைத்தது அவரே அனுப்பிய ஒரு மின்னஞ்சல். ஆஃபர் படிவத்தை எனக்கு ஃபார்வர்ட் செய்தபோது, கீழே தொங்கிய பழைய கடிதங்களை வெட்ட மறந்துவிட்டார். நான் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். நாலாவது கடிதத்தில், வலைத்தளத்திலிருந்து அவருக்கு வந்தது: இந்த வாடிக்கையாளரை அனுப்பியதற்கு மொத்தக் கமிஷனில் 30 சதவீதம் ரெஃபரல் கட்டணம், பதிவு முடிந்த அன்றே செலுத்த வேண்டும். கூடவே என் பெயர், என் நம்பர், நான் அன்று ராத்திரி தட்டிய சம்பளத் தொகை, எல்லாம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் பாருங்கள். 13,40,000க்கு 6 சதவீதம் என்றால் 80,400. அதன் மேல் 15 சதவீதம் வாட் 12,060. ஆக 92,460 போக ஆயா கைக்கு வருவது 12,47,540. ஏஜென்ட்டின் 80,400இல் வலைத்தளம் எடுப்பது 24,120. அவருக்கு மிஞ்சுவது 56,280.

இதே வீட்டை, வலைத்தளம் நடுவில் இல்லாமல், 4 சதவீதக் கமிஷனுக்கு 13,10,000 என்று முடித்திருந்தால்? கமிஷன் 52,400, வாட் 7,860. ஆயா கைக்கு 12,49,740, அதாவது 2,200 கூடுதல். ஏஜென்ட்டுக்கு 3,880 குறையும், அவ்வளவுதான். எனக்கு 30,000 மிச்சம். அதோடு டிரான்ஸ்ஃபர் டியூட்டி வேறு, வீடு பெயர் மாறும்போது வாங்குபவர் கட்டுகிற வரி. 2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் முதல் படிக்கு 3 சதவீதம். 30,000 விலை குறைந்தால் அதிலும் 900 குறையும். எனக்கு வந்த நஷ்டத்தில் பெரும் பங்கு, நான் ஒரு தடவை நம்பர் தட்டிய பக்கத்துக்குப் போயிருக்கிறது. விற்பவர்தான் தருகிறார் என்பது காகிதத்தில் உண்மை. ஆனால் விற்பவர் தரும் பணம் என் கடனிலிருந்து வருகிறது. ஆயாவுக்கு இந்த 30 சதவீதம் பற்றி ஒரு வார்த்தை தெரியாது.

சரி, தெரிந்ததும் ஏன் விலகவில்லை என்று கேட்பீர்கள். அதற்குள் என் மனைவிக்கு அந்தக் கறிவேப்பிலை மரத்தின் மேல் மனசு போய்விட்டது. வேறென்ன சொல்ல.

கடன் விஷயத்திலும் இதே கதைதான். வங்கிக் கடனுக்கு, அதாவது இங்கே சொல்கிற பாண்டுக்கு, ஏஜென்ட் ஒரு பாண்ட் ஒரிஜினேட்டரை, அதாவது நமக்காக வங்கிகளுக்குக் கடன் மனு அனுப்புகிற இடைத்தரகரைக் கைகாட்டினார். “இவர் மூலமாகப் போனால்தான் ஓனர் ஆஃபரை ஏற்பார்” என்றார். ஆயாவிடம் கேட்டால், யார் அந்த ஆள் என்கிறார். ஒரிஜினேட்டர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வங்கிதான் பணம் தருகிறது, ஒரே மனுவைப் பல வங்கிக்கு அனுப்பிப் போட்டி போட வைத்தால் நமக்கு லாபம்தான். இவர் இரண்டே வங்கிக்கு அனுப்பினார். என் சம்பளம் விழுகிற வங்கி அதில் இல்லை. அப்போது பிரைம் வட்டி, அதாவது வங்கிகள் அடிப்படையாக வைக்கிற வட்டி, 10.5 சதவீதம். வந்த நல்ல பதில் 11. என் வங்கிக்கு நானே நேரில் போனேன், பிரைமுக்கே தந்தார்கள். 12 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் இந்த அரை சதவீதம் மாதம் 405 ரேண்ட், மொத்தம் 97,000க்கு மேல். ஒரு மதிய நேரம் லீவு போட்டதற்கு இவ்வளவு கூலி எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். வீட்டு ஏஜென்ட்டுகளுக்கென்று 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிற பிராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் ஆக்ட், 58ஆம் பிரிவு. குறிப்பிட்ட வக்கீலிடமோ வேறு சேவைக்காரரிடமோதான் போக வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்துகிற, தூண்டுகிற ஏற்பாட்டை ஏஜென்ட் செய்துகொள்ளக் கூடாது. என் புகார் இதன் கீழேதான் இருக்கிறது.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன். ஆஃபர் படிவத்தின் நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு பத்தி. இந்த ஏஜென்ட்டைத் தவிர வேறு எவரும் இந்த வீட்டை எனக்கு அறிமுகப்படுத்தவில்லை, அப்படி யாராவது கமிஷன் கேட்டு வந்தால் விற்பவருக்கு நேரும் நஷ்டத்தை நான் ஈடு செய்வேன் என்று இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், அதுதான் வயிற்றெரிச்சல். “இது எல்லாப் படிவத்திலும் இருக்கிற வாசகம்” என்றார்கள். எல்லாவற்றிலும் இருப்பது நிஜம்தான்.

மூன்று வாரம் கழித்து, ஷோ டேயில் நின்ற ஏஜென்ட்டின் கம்பெனியிலிருந்து ஆயாவுக்கு ஒரு கடிதம். வாங்குபவரை முதலில் கொண்டுவந்தது நாங்கள், விற்பனைக்கு மூல காரணம் நாங்கள், கமிஷன் எங்களுக்கு. இணைப்பில் அந்த நோட்டின் படம். என் பெயர், நம்பர், மதியம் 2.40. ஆயா அழுதுகொண்டே போன் செய்தார். “தம்பி, ரெண்டு பேருக்கும் நான் எங்கே போய்க் கொடுப்பேன்?” கொடுக்க வேண்டியவன் நான், அந்தக் கையெழுத்தால். எனக்கு ஒதுக்கப்பட்ட அம்மாவுக்கு இது முதல் நாளே தெரியும், என் வாயாலேயே சொன்னேன். சொன்னது போனில், எழுத்தில் இல்லை. நான் ஷோ டே ஏஜென்ட்டிடம் திரும்பிப் போயிருந்தால் இந்த அம்மாவுக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது. “ஒன்றும் இல்லை” என்று அவர் சொன்னதன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் இரண்டு ஏஜென்ட்டும் கமிஷனைப் பங்கிட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். அதிலும் துண்டு விழுந்த 15,000 ரேண்ட் என் தலையில். வலைத்தளம் தன் பங்கில் ஒரு சென்ட் விடவில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கிற மச்சானிடம் புலம்பினேன். அங்கே இது ரொம்ப நாளாகவே நடக்கிறதாம். வலைத்தளங்கள் ஏஜென்ட்டின் கமிஷனில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, சில இடத்தில் 40 சதவீதம் வரை எடுக்கின்றன. கடனுக்கு ஆள் அனுப்பிக் கையூட்டு வாங்குவதை அங்கே 1974ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது, ஆனால் புரோக்கருக்குப் புரோக்கர் ரெஃபரல் பணம் தருவதை அதே சட்டம் விட்டுவிட்டது. 2024 ஆகஸ்ட் 17க்குப் பிறகு பெரும்பாலான ஏஜென்ட்டுகள் வீட்டைக் காட்டப் போகும் முன்பே தன் கூலி எவ்வளவு என்று வாங்குபவரிடம் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. அதையாவது பேச ஒரு இடம் இருக்கிறது என்றான். இங்கே நமக்கு அந்தக் காகிதம் கூட இல்லை.

அதனால், நீங்களே கேளுங்கள். முதல் போனிலேயே: “என்னை உங்களுக்கு அனுப்பியவருக்கு நீங்கள் எவ்வளவு தருகிறீர்கள்?” பதிலை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். ஏஜென்ட் தொழில் செய்ய வேண்டிய சான்றிதழான ஃபிடிலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாதவருக்குக் கமிஷன் கேட்கவே உரிமை இல்லை. என் ஏஜென்ட்டிடம் இருந்தது, செல்லுபடியானதும்தான், ஆகவே அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஷோ டேக்குப் போனால் எந்த ஏஜென்ட்டின் நோட்டில் உங்கள் பெயர் ஏறியது என்று படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பார்த்த வீடு என்றால், அந்த அறிமுகப் பத்தியைப் பேனாவால் அடித்து, ஷோ டே தேதியைப் பக்கத்திலேயே எழுதி, இரு தரப்பும் சுருக்கொப்பம் வைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வலைத்தளத்தில் வீட்டைப் பாருங்கள், தப்பில்லை. நம்பரை மட்டும் கொடுக்காமல், கேட் பலகையில் இருக்கிற ஏஜென்ட்டை நேரே கூப்பிடுங்கள்.

என் படிவத்தின் நாலாம் பக்கத்தைப் பெயர்களை மறைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆஃபர் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் படிவத்தில் அந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.