மனியாகோவின் பழைய ஸ்டிலெட்டோ: ஒரு மதிப்புரை

இத்தாலியின் வடகிழக்கிலுள்ள மனியாகோ நகரில் 1950களில் உருவான இந்த ஸ்டிலெட்டோ என்னும் மெல்லிய மடக்குக் கத்தி, பட்டனை அழுத்தியதும் அலகு பக்கவாட்டில் சுழன்று நிற்கும் வேகத்தில் இன்றைய மலிவுப் பதிப்புகளை வெகுவாக மிஞ்சுகிறது. எனினும் இதன் பெருமை திறப்பதில் அல்ல, மூடுவதில்தான் இருக்கிறது: பிந்தைய கத்திகளில் பிடியின் முன்பக்க உலோகப் பூணைச் சாய்த்தாலே பூட்டு விடுபடும், இதிலோ, முதுகிலுள்ள மெல்லிய ஸ்பிரிங் தகட்டின் நுனியை நகத்தால் நெம்பித் தூக்கினால்தான் அலகு மடங்கும். கொம்புப் பிடி சற்றே சுருங்கி, ஆணிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டிருப்பது வயதுக்கு உரியதே. ஆனால், பளபளப்பாக்கும் ஆர்வத்தில் யாரோ அலகில் பொறித்த தயாரிப்பாளர் முத்திரையைப் பாதி தேய்த்திருப்பதை மன்னிக்க இயலவில்லை. 1958இல் அமெரிக்கா இவ்வகைக் கத்திகளுக்குச் சட்டக் கட்டுப்பாடு விதித்ததால், வாங்குவோர் தத்தம் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்ப்பது நல்லது. முத்திரை முழுதாக இருக்கும் கத்தி கிடைத்தால், சற்று அதிக விலையானாலும் அதையே பரிந்துரைப்பேன்.