பித்தளை என்று விற்ற துத்தநாக ரேசர்

இணையத்தில் 'முழுப் பித்தளை ரேசர்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 1,450 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கழுத்தில் தழும்பு இன்னும் ஆறவில்லை.

முதல் நாளே இடது தாடையில் எரிச்சல். என் கைப்பழக்கம்தான் சரியில்லை என்று நினைத்தேன். மறுநாள் முதல் குளித்து, முடி நன்றாக ஊறிய பிறகே நுரை போட்டேன். அழுத்தாமல், முடி வளரும் திசையிலேயே இழுத்தேன். பிளேடையும் மாற்றிப் பார்த்தேன். நான்காம் நாள் கழுத்தில் நுரை சிவந்தது. படிகாரம் தேய்த்தும் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது.

அன்றுதான் ரேசரை விளக்கடியில் பிடித்து உற்றுப் பார்த்தேன். ஒரு பக்கம் பிளேடின் விளிம்பு, அதன் மேல் பொருத்தும் மூடிக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் உள்ளேயே பதுங்கியிருந்தது. இருபக்க பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான். அது கோணலாக உட்கார்ந்தால், எப்பேர்ப்பட்ட கைதேர்ந்தவர் மழித்தாலும் தோலைப் பதம் பார்க்கும்.

அடுத்த சில வாரங்களில், மூடியைக் கைப்பிடியோடு முறுக்கிப் பொருத்தும் மரைத் தண்டு கைப்பிடிக்குள்ளேயே ஒடிந்துவிட்டது. ஒடிந்த இடம் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. அப்பாவின் பழைய ரேசரில் முலாம் தேய்ந்த இடமெல்லாம் மஞ்சள் தெரியும், அது பித்தளை. இதுவோ துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே குரோம் பூசியது. துத்தநாகத்திலும் நல்ல ரேசர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கவேண்டும் அல்லவா?

விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டபோது, "நீங்கள் அதிகமாக முறுக்கியிருப்பீர்கள் சார், திருப்பி எடுக்கும் கெடுவும் முடிந்துவிட்டது" என்று கைகழுவிவிட்டார்கள். பெட்டியை எடுத்துப் பார்த்தால் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. இரண்டும் சட்டப்படி அச்சிட்டிருக்கவேண்டியவை. வாங்குபவர்கள் பெட்டி வந்த அன்றே இதைக் கவனியுங்கள். பிளேடைப் பொருத்தி இரண்டு பக்கமும் ஒத்துப்பாருங்கள். கோணல் தெரிந்தால் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு பாதிப் பணம் தருவதாக இறங்கி வந்திருக்கிறார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.