அம்பாசடரா, போர்ஷே 911-ஆ?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சித்தப்பா வீட்டு வாசலில் 1984 அம்பாசடர் ஒன்று நிற்கிறது. அதை விற்றுவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமே என்று அவர் மகன் தினமும் நச்சரிக்கிறான். அவன் கண் போர்ஷே 911 மேல்.

வேகத்தில் பேச்சே இல்லை. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன். 2019-இல் வந்த 911 கரேராவில் 3 லிட்டர், இரட்டை டர்போ, 385 குதிரைத்திறன். நான்கு விநாடி சொச்சத்தில் 100 கிலோமீட்டர் வேகம். சரி, அந்த வேகத்தைக் கடலூர் சாலையில் எங்கே காட்டுவது? அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். வேகத்தடைகளில் தாழ்ந்த வண்டியின் அடி உரசுமோ என்ற பயம் வேறு.

அம்பாசடரில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் முன்சீட் ஒரே நீளப் பலகை மாதிரி. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கல்யாணத்துக்குக் கிளம்பினால் எட்டுப் பேர், மடியில் குழந்தைகள் தனிக்கணக்கு. 911-இன் பின்சீட்டில் பை வைக்கலாம். இன்ஜினும் பின்னால்தான்.

ஆனால் பிரேக் விஷயத்தில் தம்பி பக்கம்தான் நான். பழைய டிரம் பிரேக்கை மழையில் நம்பி ஓட்டியவர்களுக்குத் தெரியும். பவர் ஸ்டியரிங் கிடையாது. வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

2014-இல் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். போர்ஷேவுக்குக் கோளாறு வந்தால் லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பணும். என் ஓட்டு அம்பாசடருக்கு. பிரேக்கை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.