வடலூர் தருமச்சாலை சாப்பாடு: சண்டைக்காரனுக்கும் ஒரு இலை

கும்பகோணம் போற வழில வடலூர்ல எறங்கி வள்ளலாரோட சத்திய தருமச்சாலைல மதிய சாப்பாடு சாப்பிட்டேன், அத பத்தி எழுதலாம்னு. காசு கிடையாது, நீ யாரு என்ன சாதின்னு கேக்குற ஆளும் கிடையாது. சோறு, சாம்பார், ரசம், காரம் ரொம்ப இல்லாம வீட்டு சாப்பாடு மாதிரியே இருந்துச்சு, கேட்டா திரும்ப திரும்ப போடுறாங்க.

1867 மே 23ல மூட்டுன அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையலங்க. அடுப்பே 21 அடி நீளம். இந்த சாலைக்கு அந்த காலத்துலயே 80 காணி நெலத்த ஊர்க்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க, இப்ப நாம அரை சென்ட்டுக்கு கோர்ட்டுக்கு போறோம்.

சரி, விஷயத்துக்கு வரேன். வரிசைல ஒருத்தர் எனக்கு முன்னாடி பூந்துட்டாருன்னு நான் கத்த ஆரம்பிச்சுட்டேன், பஸ்ல நின்னுகிட்டே வந்த கடுப்பு வேற, அவரும் விடல, ரெண்டு பேரும் சட்டைய புடிக்காத கொறதான். வெள்ளை வேட்டி கட்டுன ஒரு பெரியவர் வந்தாரு. யாரு மேல தப்புன்னு ஒரு வார்த்தை கேக்கலங்க. "ஐயா, பசி வந்தா அப்படித்தான் பேச வரும், முதல்ல உக்காருங்க"ன்னு எங்க ரெண்டு பேரையும் பக்கத்து பக்கத்துலயே உக்கார வச்சு அவரே சோறு போட்டாரு. எனக்கு தலைய தூக்க முடியல.

சாப்பிட்டுட்டு அவர்கிட்ட மன்னிப்பு கேக்கப் போனா, இதுல என்ன இருக்கு, ஜீவகாருண்யம், அதாவது எல்லா உயிர் மேலயும் இரக்கம், அதுதான் மோட்ச வீட்டு சாவின்னு வள்ளலார் சொல்லிட்டு போயிருக்காரு, பசிச்சவனுக்கும் கோவக்காரனுக்கும் போடுறது ஒரே சோறுதான்னு சிரிச்சுகிட்டே வாளிய தூக்கிட்டு அடுத்த பந்திக்கு போயிட்டாரு. பூஜை, விரதம்னு நானும் நெறைய பண்றவன்தான், ஆனா பந்தில நின்னு பரிமாறுறதையே சாமி கும்பிடுறதா வச்சிருக்குற ஆளுங்கள பாத்தப்ப கொஞ்சம் வெக்கமா போச்சு.

தைப்பூசத்துக்கு போனா ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவாங்க, ஆனா பயங்கர கூட்டம். நிதானமா பாக்கணும்னா சாதாரண நாள்ல போங்க. கடலூர் - விருத்தாசலம் லைன்ல ரயில் ஸ்டேஷனும் இருக்கு. அந்த ஜோதி காட்டுற ஞான சபைக்கு உள்ள போக கொலை, புலால் விட்டவங்களுக்குத்தான் அனுமதின்னு எழுதியிருக்கும், நான் வெளில நின்னே கும்பிட்டுட்டு வந்துட்டேன், பொய் சொல்ல மனசு வரல. சாப்பாட்டுக்கு அந்த கண்டிஷன்லாம் இல்ல. முடிஞ்சா ஒரு அரிசி மூட்டை வாங்கிட்டு போங்க.

ஆங், அந்த வரிசைக்காரர் சிதம்பரம் பக்கமாம், ரசம் வாங்கறப்ப என் இலைக்கும் ஊத்தச் சொன்னாரு.