கச்சத்தீவைப் பேச எந்தக் கூட்டம்? பொதுக்கூட்டம், பட்டிமன்றம், கிராம சபை, கலந்துரையாடல்: ஓர் ஒப்பீடு

ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் டெல்லி அரசியல் பேசினால் கேட்க ஆள் வருவார்கள். கச்சத்தீவும் சிறைப்பட்ட மீனவரும் இங்கே வீட்டு விஷயம். ஆனால் பேசி முடித்தபின் கையில் என்ன மிஞ்சும் என்பது நாம் போடும் கூட்டத்தின் வகையைப் பொறுத்தது.

பொதுக்கூட்டத்துக்குக் கூட்டம் சேரும், செய்தியும் வரும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். தலைவர் ஒன்பதுக்கு வந்தால், முதலில் வெட்டுப்படுவது உள்ளூர்க்காரரின் பேச்சுதான். செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன்), அக்டோபர் 30 (முத்துராமலிங்கத் தேவர்) நினைவு நாள்களை ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது பல ஆண்டுகளாக வழக்கம். அந்த இரண்டு மாதத்தில் அனுமதி கிடைப்பது கடினம். இரவுக் கூட்டத்துக்குப் பெண்களும் குறைவாகவே வருவார்கள். இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. 'கச்சத்தீவை மீட்போம்' என்றால் எல்லோரும் கைதட்டுவார்கள். 2025 ஏப்ரல் 2இல் சட்டமன்றமே அப்படித் தீர்மானம் போட்டது. கடலடியை வாரி இழுக்கும் விசைப்படகு வலையான இழுவைமடியை என்ன செய்வது என்று கேட்டால் விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் இரண்டாகப் பிரிவார்கள். அதனால் எந்த மேடையும் அந்தக் கேள்வியைத் தொடாது.

பட்டிமன்றம் திருவிழாவுக்குச் சரி. கொள்கைக்குச் சரிப்படாது. 'மீனவர் துயருக்குக் காரணம் மத்திய அரசா, மாநில அரசா' என்று தலைப்பு வைத்தாலே இலங்கைச் சட்டமும் வலையும் டீசல் விலையும் வெளியே போய்விடும்.

கிராம சபையின் பலம் சட்டம். அரசியல் சாசனத்தின் 243ஏ பிரிவும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். இந்தக் கடற்கரைக்கு மே 1தான் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் விசைப்படகு ஆட்கள் எல்லோரும் அன்று கரையில் இருப்பார்கள். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி என்பதால் அங்கே இந்த வழி திறந்திருக்கிறது. ராமேசுவரம் நகராட்சி, அங்கே கிராம சபை கிடையாது.

தவறு நடப்பது தீர்மான வாசகத்தில். 'கச்சத்தீவை மீட்க வேண்டும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், ஊராட்சி வரம்புக்குள் வராது என்று அதிகாரி பதிவேட்டில் ஏற்ற மறுக்க இடம் உண்டு. இப்படி எழுதலாம்: 'இவ்வூராட்சியைச் சேர்ந்த, இலங்கைக் காவலில் உள்ள படகுகளின் பதிவெண் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. இவற்றை மீட்கவும், மீளாத படகுகளுக்கு நிவாரணம் வழங்கவும் மாநில அரசு வழியாக ஒன்றிய அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.' ஊரின் பொருளும் ஊரின் இழப்பும் இருப்பதால் இதை ஒதுக்குவது எளிதல்ல. பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்கினால் அங்கேயே ஆட்சேபம் சொல்லுங்கள். கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் (கோரம்) என்பதையும் மறக்க வேண்டாம்: ஊராட்சியின் மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

ஆனால் கிராம சபையில் வாதம் நடக்காது. குடிநீர், தெருவிளக்கு, வேலை அட்டை முடிந்து கச்சத்தீவுக்கு மிஞ்சுவது பத்து நிமிடம்.

அந்தக் குறையை நிரப்புவது உட்கார்ந்து பேசும் கலந்துரையாடல். நான்கில் நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். தேவாலயப் பங்கு மண்டபமோ மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடமோ போதும். நாற்பது, ஐம்பது பேர், வட்டமாக நாற்காலி, ஒரே மைக், இரண்டு மணி நேரம். மேடையும் பொன்னாடையும் வேண்டாம். மரியாதை செய்தே அரை மணி நேரம் போய்விடும். நடத்துபவர் எந்தப் படகுத் தரப்பையும் சேராதவராக இருக்க வேண்டும்: ஓய்வுபெற்ற ஆசிரியர், வழக்கறிஞர் போல. ஒருவருக்கு மூன்று நிமிடம், விசைப்படகு ஒருவர், நாட்டுப்படகு ஒருவர் என்று மாற்றி மாற்றி.

நாள் பார்ப்பதுதான் சிரமம். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாட்டில் இரு தரப்பும் ஒன்றாகக் கரையில் இருப்பது அரிது. தடைக்காலத்து ஞாயிறு மாலை, பூசை முடிந்த நேரம் தோது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் வெள்ளி மாலை, அஸர் தொழுகைக்குப் பின்.

முதல் இருபது நிமிடம் கச்சத்தீவு பற்றிய இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை உரக்க வாசியுங்கள். 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமும் விசாவும் இல்லாமல் முன்போலவே கச்சத்தீவுக்குப் போகலாம் என்கிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமை தொடரும் என்கிறது. அனுமதியில்லாமல் மற்றவர் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்ற வரி இரு அரசுகளும் 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வருகிறது. இதைக் கேட்டபின் 'தீவு திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா' என்ற கேள்வி தானாக எழும். அடுத்து 2017இல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்த சட்டம், அதன்பின் இழுவைமடியை விட்டு ஆழ்கடல் தொழிலுக்கு மாற அரசு கொண்டுவந்த படகுத் திட்டத்தின் கணக்கு. 2017இல் அறிவித்தபோது படகு 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் பங்கு 8 லட்சம். அந்த 8 லட்சத்தை யார் புரட்டுவது, தூண்டில் தொழில் தெரிந்த ஆள் எங்கே, பாக் நீரிணைக் கரை ஆழமில்லாதது என்பதால் படகை எங்கே கட்டுவது, மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள குந்துகாலிலா மூக்கையூரிலா என்று கேட்டால் பேச்சு கோஷத்தை விட்டுத் தொழிலுக்கு வந்துவிடும். கடற்பாசி எடுக்கும் பெண்களையும் அழையுங்கள்; வீட்டுக் கடன் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும்.

இதன் பலவீனம், முடிவுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. அதனால் ஏப்ரல் கடைசி ஞாயிறு கலந்துரையாடலை வைத்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வாசகத்தை மட்டும் மே 1 கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டித் தீர்மான நகல் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். அந்த நகலை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் சேர்ப்பிப்புச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.