உள்நாக்கு வீங்கினால்: உப்புத் தண்ணீரா, மாத்திரையா?

இரவு முழுக்க வாயைத் திறந்து குறட்டை விட்டிருக்கிறேன். காலையில் எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று கூடவே இறங்கப் பார்த்தது. கண்ணாடி முன் நின்று கைப்பேசி வெளிச்சத்தை அடித்தேன். ஊறவைத்த திராட்சை போல் உப்பிய உள்நாக்கு, நாக்கின் மேலேயே படுத்துக் கிடந்தது.

"உள்நாக்கு வளர்ந்துவிட்டது. உப்பும் மிளகும் தொட்டு அமுக்கிவிடுகிறேன், வாயைத் திற" என்றார் பெரியம்மா. மருந்துக்கடைக்காரரோ கேள்வியே கேட்காமல் ஆன்டிபயாடிக் பட்டை ஒன்றை நீட்டினார்.

பெரியம்மா சொன்னதில் உப்பு சரி. மிளகும் விரலும் வேண்டாம். புண்பட்ட சதையில் மிளகு எரியும், விரல் பட்டால் ஓங்கரிக்கும். குறட்டை, தண்ணீர் போதாமை, புகை, மது, கொதிக்கக் கொதிக்கக் குடித்த காபி, அறுவை சிகிச்சையின்போது தொண்டையில் செருகிய குழாய் ஆகியவற்றால் வரும் வீக்கத்துக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொப்பளிப்பதும், ஐஸ் துண்டைச் சப்புவதும் பெரும்பாலும் போதும். எனக்கு மறுநாளே வடிந்துவிட்டது.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான். இருமல், சளி இல்லாமல் காய்ச்சலடித்து, கழுத்தில் நெறி கட்டி, டான்சிலில் வெள்ளைத் திட்டும் தெரிந்தால் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். மருத்துவர் தொண்டைச் சளியைச் சோதித்துப் பெனிசிலினோ அமாக்சிசிலினோ எழுதுவார்; வழக்கமாக 10 நாள். வைரஸ் தொண்டைவலிக்கு அதே மாத்திரையை விழுங்கினால் வயிறு கெடுவதுதான் மிச்சம். உள்நாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலோ கதையே வேறு: டான்சிலை ஒட்டிச் சீழ் கோத்திருக்கலாம். அதைப் பெரும்பாலும் ஊசியாலோ கீறியோ வெளியேற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி அலர்ஜி மாத்திரை. சாப்பிட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் உடம்பில் தடிப்பும் அரிப்பும் சேர்ந்து வந்தால் செட்டிரிசின் கைகொடுக்கும். ஆனால் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ராமிபிரில், எனலாபிரில் மாத்திரைகளாலேயே உள்நாக்கு வீங்கினால் அது பலிப்பதில்லை. அந்த வீக்கம் அலர்ஜியில் உடம்பு சுரக்கும் ஹிஸ்டமினால் வருவதல்ல, பிராடிகைனின் என்ற வேறொரு பொருளால் வருவது. "வருடக்கணக்காகச் சாப்பிடுகிறேனே, இப்போதா ஒத்துக்கொள்ளாமல் போகும்?" என்பார்கள். போகும், வருடங்கள் கழித்தும் வரும். அன்றே மருத்துவரிடம் போய் மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெட்டி எடுப்பதும் உண்டு. எத்தியோப்பியா, நைஜீரியா போன்ற நாடுகளில் நாட்டு வைத்தியர்கள் குழந்தைகளின் உள்நாக்கை அறுக்கும் பழக்கம் இருக்கிறது. ரத்தம் நிற்காமலும் சீழ் பிடித்தும் அவதிப்படுகிறார்கள். சாதாரண வீக்கத்துக்குக் கத்தி தேவையே இல்லை.

எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ கொப்பளித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள். கடும் அலர்ஜி என்றால் தொடையில் அட்ரினலின் ஊசிதான் முதலில் போடுவார்கள். செட்டிரிசினெல்லாம் அதற்குப் பிறகுதான்.