பெயிண்டோடு வந்த பம்பரும் கருப்பாக வந்த ஃபென்டரும்

என்னுடையது 2012 மாடல் ஸ்விஃப்ட். நிறம் சில்கி சில்வர், கம்பெனி அந்த நிறத்துக்குக் கொடுத்த குறியீடு (கோடு) இசட்2எஸ். சென்னையில் வெயிலோ மழையோ தெருவில்தான் நிற்கும். 2020 கடைசியில் முன்பம்பரை மாற்றினேன், 2022இல் இடப்பக்க ஃபென்டரை, அதாவது முன்சக்கரத்துக்கு மேலே வரும் தகட்டை. இரண்டுமே கம்பெனிப் பாகம் இல்லை, வெளிச் சந்தைச் சரக்கு. பம்பர் பெயிண்ட் அடித்தே வந்தது, ஃபென்டர் கருப்பாக வந்தது. இன்சூரன்ஸில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர், எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் தேறும், கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடியும் போய்விடும். அதனால் கைக்காசுதான்.

பம்பரை ஆன்லைனில் வாங்கினேன். விலை 4,800 ரூபாய். பட்டறைக்கு அலைய வேண்டாம், அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம் என்பதுதான் கவர்ச்சி. மாட்டும்போதே முதல் சிக்கல் வந்தது. வலது ஹெட்லைட்டுக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வெளிச் சந்தை பம்பரில் இது சகஜம்தானாம். வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் ஹீட் கன்னால் சூடு காட்டி லேசாக வளைத்துச் சரிசெய்வார்கள். மேலே பெயிண்ட் இருந்ததால் மெக்கானிக் கை வைக்க மறுத்துவிட்டார். சும்மா மாட்டிப் பார்த்ததிலேயே ஓரத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்றால், ‘மாட்டிய பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம்’ என்றார்கள்.

அடுத்தது நிறம். சாயங்காலம் மாட்டியபோது வித்தியாசமே தெரியவில்லை. மறுநாள் உச்சிவெயிலில் பார்த்தால் பம்பர் ஒரு சில்வர், பானட் வேறொரு சில்வர். கோடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சில்வரில் கோடு மட்டும் போதாது. அதில் இருக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து ஷேடு மாறும். ஒரே டப்பா பெயிண்டைக் கொஞ்சம் உலர்வாக அடித்தால் வெளுப்பாகவும், ஈரமாக அடித்தால் கருமையாகவும் தெரியும். போதாததற்கு என் வண்டி எட்டு வருடம் வெயில் தின்ற வண்டி. எங்கோ ஒரு ஷெட்டில் அந்த பம்பருக்குப் பெயிண்ட் அடித்தவர் என் வண்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே!

இரண்டு வருடம் கழித்து, நம்பர் பிளேட்டின் ஓரத்தில் கல் தெறித்த இடத்திலிருந்து பெயிண்ட் உரிய ஆரம்பித்தது. நகத்தால் இழுத்தால் ஏடு ஏடாக வந்தது. அடியில் பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமரே இல்லை, கருப்புப் பிளாஸ்டிக் பளபளத்தது. பம்பர் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். அதில் எதுவும் லேசில் ஒட்டாது. அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய மெழுகுப் பூச்சும் மேலே இருக்கலாம். அதைச் சுத்தமாகக் கழுவி, தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்த பிறகுதான் நிறம் நிற்கும். பெயிண்ட் அடித்து வந்த பாகத்தில் இதையெல்லாம் செய்தார்களா என்று வாங்கும்போது பார்க்கவே முடியாது. என் முக்கியமான புகார் இதுதான்.

ஃபென்டர் வாங்க, வண்டிப் பாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனேன். விலை 1,600. கூட வந்த பெயிண்டர் தின்னரில் துணியை நனைத்து உள்பக்கம் தேய்த்துப் பார்த்தார். துணியில் கருப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் அது கண்துடைப்புக்கு அடித்த பெயிண்ட், முழுக்க உரித்தாக வேண்டும். வராவிட்டால் அது ஈடி கோட், அதாவது தொழிற்சாலையில் மின்சாரம் பாய்ச்சிப் பூசும் துருத் தடுப்புப் பூச்சு; வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு மேலேயே பிரைமர் அடிக்கலாம். முதல் கடையில் துணி கருப்பானது. மூன்றாவது கடையில்தான் வாங்கினோம்.

பெயிண்டுக்கு முன்னால் இரண்டு தடவை மாட்டிக் கழற்றினார். ஒரு போல்ட் ஓட்டையை அரம் போட்டு நீட்டினார். கதவோடு இடைவெளி சரியான பிறகுதான் பெயிண்ட். ஒரு அட்டையில் அடித்து, காயவிட்டு, வெயிலில் கதவுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிடிக்காமல் மூன்று முறை கலவையை மாற்றினார். ஃபென்டரின் நிறத்தைக் கதவின் பாதிவரை கரையவிட்டு, கதவு முழுக்க, நிறத்துக்கு மேலே வரும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் அடித்தார். கூலி 4,500. நான்கு நாள் வண்டி இல்லாமல் ஆட்டோவுக்கு அழுதது தனி. ஆனால் இன்றுவரை எந்த ஃபென்டர் மாற்றியது என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை.

அதற்காகப் பெயிண்டோடு வருவது எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். நண்பரின் வாகன்ஆர் வெள்ளை, துகள் இல்லாத சாதா வெள்ளை. அவர் பெயிண்டோடு வாங்கிய பின்பம்பர் அச்சாகப் பொருந்தி நன்றாகவே இருக்கிறது. சாதா வெள்ளைக்கு நானும் யோசிக்காமல் வாங்குவேன். சில்வர், கிரே, முத்து வெள்ளை என்றால் மாட்டேன். நல்ல பெயிண்டர் கிடைக்காத ஊரில் இருந்தால் என்ன செய்வேன்? அப்போதும் வெறும் பாகத்தை வாங்கி, பக்கத்து ஊருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன்.

உரிந்த பம்பரைப் போன பொங்கலுக்கு முன்பு அதே பெயிண்டரிடம் கொடுத்தேன். பழைய பெயிண்டை உரிக்கவே ஒன்றரை நாள் ஆனதாம். வெறும் பம்பருக்கு வாங்குவதைவிட 1,200 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். ஃபென்டருக்குக் கலந்த நிறத்தை அடித்துப் பார்த்த அட்டையை டேஷ்போர்டில் பத்திரமாக வைத்திருந்தேன். பெருமையாக எடுத்து நீட்டினேன். அவர் அதை பானட் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்புறமும் வண்டி வெயில்லதானே சார் நின்னுச்சு?” என்று புது அட்டையை எடுத்தார்.